கார் பெயின்ட்டைக் கழுவிப் பாலிஷ் செய்யும் வரிசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷாம்பு, கிளே (பதிந்த அழுக்கை இழுத்தெடுக்கும், களிமண் போலப் பிசையக்கூடிய பொருள்), காம்பவுண்டு (ஆழமான கீறலை எடுக்கும் தேய்ப்புக் களிம்பு), மெழுகு என்று ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கி வைத்துவிட்டு, "இதில் எதை முதலில் எடுப்பது?" என்று கேட்பவர்கள் நிறைய. ஒவ்வொரு டப்பாவின் மேலும் அந்தப் பொருளைப் பயன்படுத்தும் முறை அச்சிட்டிருக்கும். அதற்கு முன்னால் என்ன செய்திருக்க வேண்டும், பின்னால் என்ன வர வேண்டும் என்பது இருக்காது. கார் வைத்திருக்கும் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே கீழே தொகுத்திருக்கிறேன்.

முழு வரிசையையும் முதலில் சொல்லிவிடுங்கள். காரணத்தைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

சக்கரங்களைக் கழுவுங்கள். பிறகு கார் முழுவதும் தண்ணீர் அடித்து, நுரை போட்டு ஊறவிட்டு அலசுங்கள். அதன்பின் ஷாம்பு கலந்த தண்ணீரில் கையால் கழுவுங்கள். அடுத்து தார்க்கறையையும் இரும்புத் துகளையும் அவற்றுக்குரிய திரவங்களால் கரைத்து அலசி, கிளே தேய்த்து, மறுபடி கழுவி ஈரம் போகத் துடையுங்கள். இப்போது நல்ல வெளிச்சத்தில் கீறல்களைப் பாருங்கள். தேவையிருந்தால் காம்பவுண்டு, அதன்பின் பாலிஷ். பாலிஷ் விட்டுச்சென்ற எண்ணெய்ப் பசையைத் துடைத்தெடுத்துவிட்டு, கடைசியில் பெயின்ட்டைக் காக்கும் பூச்சுகளான மெழுகு, சீலன்ட், செராமிக் கோட்டிங் ஆகியவற்றில் ஒன்றைப் பூசுங்கள்.

ஒவ்வொரு முறையும் இத்தனையும் செய்ய வேண்டியதில்லை. பெரும்பாலான நாட்களில் கழுவித் துடைப்பதோடு வேலை முடிந்துவிடும். ஆனால் எத்தனை படிகளைச் செய்தாலும், செய்கிற படிகள் இந்த வரிசையில்தான் வர வேண்டும்.

வரிசை மாறினால் அப்படி என்ன ஆகிவிடும்?

காரின் மேல் இருக்கும் அழுக்கு ஒரே வகை அல்ல. தளர்வாகப் படிந்த தூசி தண்ணீருக்கே போய்விடும். ஒட்டிய மண்ணுக்கு ஷாம்பு வேண்டும். பெயின்ட்டில் பதிந்த இரும்புத் துகளும் தாரும் ரசாயனத்துக்குத்தான் இளகும். அதற்கும் அசையாததைக் கிளே இழுத்தெடுக்கும். இவை எல்லாம் போன பிறகு எஞ்சுவது அழுக்கு அல்ல, பெயின்ட்டில் விழுந்த காயம். அதற்குத்தான் பாலிஷ்.

எளிதாகப் போவதை முதலில் எடுத்துவிட வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை. தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தால் மணல் முழுவதும் துணியோடு சேர்ந்து தரையைக் கீறும் அல்லவா, அதேதான் இங்கேயும். மண் இருக்கும்போது கிளே தேய்த்தால், கிளே அந்த மண்ணைப் பெயின்ட் மேல் இழுத்துக்கொண்டு போகும். இரும்புத் துகள் இருக்கும்போது மெஷினில் பாலிஷ் செய்தால், பிடுங்கப்பட்ட துகள் பேடில் (மெஷினின் முனையில் மாட்டும் மெத்தை போன்ற வட்டு) மாட்டிக்கொண்டு சுழன்று சுழன்று கீறும். நீங்கள் எடுக்க நினைத்த கீறலைவிட நீங்களே போட்ட கீறல் ஆழமாக இருக்கும்.

பாலிஷ் செய்தால் பெயின்ட் தேயும் என்கிறார்கள். உண்மையா?

உண்மைதான். இன்றைய பெரும்பாலான கார்களில் உலோகத்தின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறப்பூச்சு, அதற்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக இருக்கும். தொழிற்சாலையிலிருந்து வரும் காரில் இவை எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான். மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று நினைத்துப் பாருங்கள். பளபளப்பைத் தருவதும், வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தடுத்து நிறத்தைக் காப்பதும் தலைமுடியை விட மெல்லிய அந்த ஒரே அடுக்குதான்.

முறையான பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சீவிச் சமப்படுத்துகிறது. அப்படிப் போன அடுக்கு திரும்பி வராது. அதனால் பாலிஷ் என்பது தேவையானபோது மட்டும், தேவையான அளவு மட்டும் செய்ய வேண்டிய வேலை. கழுவும்போது புதுக் கீறல் விழாமல் பார்த்துக்கொள்வதை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கும் அதுவே காரணம்.

சக்கரத்தை முதலில் கழுவுவதா, கடைசியிலா?

முதலில். சக்கரத்தில் படிந்திருப்பது பிரேக்கிலிருந்து உதிரும் துகளும் சாலையின் தாரும் மண்ணும். காரிலேயே மிக மோசமான அழுக்கு அது. கழுவும்போது அந்த நீர் பக்கவாட்டில் தெறிக்கும். காரின் உடம்பைக் கழுவி முடித்த பிறகு சக்கரத்துக்கு வந்தால், சுத்தமான கதவுகளில் மறுபடி அழுக்குத் தெறிக்கும். நீங்கள் சக்கரத்தில் மும்முரமாக இருக்கும் நேரத்தில் மேலே தண்ணீர் காய்ந்து திட்டுத் திட்டாகிவிடும்.

சக்கரத்துக்கென்று தனி வாளி, தனி பிரஷ், தனித் துணி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துணி பெயின்ட் பக்கமே வரக்கூடாது, எத்தனை முறை துவைத்திருந்தாலும் சரி. வண்டியை ஓட்டி வந்தவுடன் சக்கரமும் பிரேக்கும் சூடாக இருக்கும். ஆறிய பிறகே தண்ணீர் ஊற்றுங்கள்.

குழாயில் தண்ணீர் அடித்தாகிவிட்டது. உடனே ஷாம்பு போட்டுத் தேய்க்கலாம்தானே?

இன்னும் ஒரு படி இருக்கிறது. தண்ணீர் மேலோட்டமான தூசியை மட்டுமே கொண்டுபோகும். நுரையைக் கார் முழுவதும் தெளித்துச் சில நிமிடம் விட்டால், ஒட்டிய மண் இளகி நுரையோடு கீழே வழியும். அது காய்வதற்குள் அலசிவிடுங்கள். கை படாமல் எவ்வளவு மண் போகிறதோ அவ்வளவு நல்லது. பெரும்பாலான கீறல்கள் விபத்தில் விழுபவை அல்ல, கழுவும்போது விழுபவை. நுரை பீய்ச்சும் கருவி இல்லையென்றால், தோட்டத்துக்குப் பயன்படும் கைப்பம்புத் தெளிப்பானில் ஷாம்புக் கரைசலை ஊற்றி அடித்தாலும் வேலை நடக்கும்.

இரண்டு வாளி எதற்கு? ஒன்று போதாதா?

ஒரு வாளியில் ஷாம்புத் தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். கார் கழுவும் கையுறையை ஷாம்புத் தண்ணீரில் முக்கி ஒரு பகுதியைக் கழுவுகிறீர்கள். அடுத்த பகுதிக்குப் போகுமுன் அதை வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டு மறுபடி ஷாம்புக்கு வருகிறீர்கள். மண் இரண்டாவது வாளியிலேயே தங்கிவிடுகிறது. ஒரே வாளி என்றால், பானட்டிலிருந்து எடுத்த மணலையே கதவில் தேய்ப்பீர்கள். வாளியின் அடியில் சல்லடை போன்ற தட்டு ஒன்றைப் போட்டுவிட்டால், அடியில் தங்கிய மணல் கலங்கி மேலே வராது.

கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கி வாருங்கள். கதவின் அடிப்பகுதி, பின்புற பம்பர் ஆகியவை மிக அழுக்கான இடங்கள்; அவை கடைசி. தட்டையான ஸ்பாஞ்சு வேண்டாம். நீளமான இழைகள் கொண்ட மைக்ரோஃபைபர் கையுறைதான் நல்லது. மண் இழைகளுக்குள் ஏறிக்கொள்ளும், பெயின்ட்டோடு ஒட்டி நிற்காது. அழுத்தித் தேய்க்காதீர்கள், கையுறையின் எடையே போதும். வட்டமாகச் சுற்றாமல் நேர்கோட்டில் நகர்த்துங்கள்.

பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவினால் என்ன? அதுவும் அழுக்கை எடுக்கத்தானே?

சமையல் எண்ணெய்ப் பிசுக்கை அறுப்பதற்காகச் செய்யப்பட்டது அது. அதற்குக் காரில் பூசிய மெழுகும் ஒரு பிசுக்குதான். வாரா வாரம் அதில் கழுவினால் மெழுகு மெலிந்துகொண்டே போகும். கார் ஷாம்புவில் கையுறை வழுக்கிச் செல்வதற்கான சேர்க்கைகள் இருக்கும். கீறல் விழாமல் காப்பது அந்த வழுக்கல்தான். அமிலமும் காரமும் இல்லாத நடுநிலை ஷாம்புவாகப் பார்த்து வாங்குங்கள். துணி துவைக்கும் தூளைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

வெயிலில் வைத்துக் கழுவலாமா?

கூடாது. உலோகத்தில் கைவைத்தால் சூடு தெரியக்கூடாது. சூட்டில் ஷாம்பு காய்ந்து கறையாகும். இரும்பு நீக்கியும் தார் நீக்கியும் காய்ந்தால் பெயின்ட்டுக்கே கேடு. பாலிஷும் வேலை செய்வதற்கு முன் உலர்ந்து தூளாகிவிடும். நிழல் இல்லாத இடம் என்றால் அதிகாலை அல்லது மாலை.

துடைப்பது அவசியமா? தானாகவே காய்ந்துவிடுமே.

தண்ணீர் காயும், அதில் கரைந்திருக்கும் உப்புகள் காயாது. சுண்ணாம்பும் பிற தாதுக்களும் சொட்டின் வடிவத்திலேயே வெள்ளைத் திட்டாகத் தங்கும். வெயில் பட்டால் அவை கிளியர் கோட்டைச் சிறிது அரித்துவிடவும் கூடும்.

கடைசி அலசலின்போது குழாயின் முனைக் கருவியைக் கழற்றிவிட்டு, தண்ணீரைப் பீய்ச்சாமல் கூரையின் மேல் மெதுவாக ஓடவிடுங்கள். பெரும்பகுதி நீர் ஒரே விரிப்பாக வழிந்து இறங்கிவிடும். எஞ்சியதைப் பெரிய, தடித்த மைக்ரோஃபைபர் துணியை விரித்துப் போட்டு மெல்ல இழுத்தோ ஒற்றியோ எடுங்கள். பழைய பருத்திச் சட்டையும் உள்ளாடையும் இதற்கு உதவாது. மைக்ரோஃபைபர் துணிகளைத் துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்காதீர்கள். அது இழைகளில் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும்.

நன்றாகக் கழுவிவிட்டேன். இருந்தும் தடவிப் பார்த்தால் சொரசொரப்பாக இருக்கிறதே?

அதுதான் பதிந்த அழுக்கு. பிரேக்கிலிருந்து பறந்த சூடான இரும்புத் துகள், தாரின் சிறு புள்ளிகள், மரத்திலிருந்து சொட்டிய பிசின், பக்கத்தில் எங்கோ பெயின்ட் அடித்தபோது பறந்து வந்த துளிகள். ஷாம்பு இவற்றை ஒன்றும் செய்யாது. மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு, கழுவிய ஈரமான பெயின்ட் மேல் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பும் பைக்குள் இருக்கும் விரலுக்குத் தெரியும். எங்கும் வழவழப்பாக இருந்தால் அடுத்து வரும் ரசாயனமும் கிளேயும் உங்களுக்குத் தேவையில்லை.

தார் நீக்கி, இரும்பு நீக்கி இரண்டும் வாங்கினேன். எது முதலில்? சேர்த்துத் தெளிக்கலாமா?

சேர்த்துத் தெளிக்கவே கூடாது. ஒன்றைத் தெளித்து, முழுவதும் அலசிய பிறகே மற்றொன்று. நான் தாரிலிருந்து தொடங்கச் சொல்வேன். தாரின் அடியில் மறைந்திருக்கும் இரும்பு அப்போது வெளியே வரும். வேறு வரிசையில் செய்பவர்களும் உண்டு, அதனால் பெரிய கேடு இல்லை. இரண்டும் கிளேவுக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும் என்பதுதான் முக்கியம்.

இரும்பு நீக்கி இரும்போடு வினைபுரியும்போது ஊதா நிறமாக மாறி வழியும். அதைப் பார்த்துப் பயந்தவர்கள் உண்டு. மருந்து வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம் அது. கந்தக நாற்றம் தூக்கலாக இருக்கும். கைக்குப் பாதுகாப்புக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், டப்பாவில் சொன்ன நேரத்துக்கு மேல் விடாதீர்கள். வெயில் பற்றிய கேள்வியில் சொன்னதுபோல இது காயவே கூடாது.

கிளேயை எப்படித் தேய்ப்பது?

பிசைந்து தட்டையாக்கி, உள்ளங்கை அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குரிய வழுக்குத் திரவத்தையோ ஷாம்பு கலந்த தண்ணீரையோ தாராளமாகத் தெளித்து, இரண்டு உள்ளங்கை அகலமுள்ள பகுதியை மட்டும் எடுத்து, நேர்கோட்டில் முன்னும் பின்னும் லேசாக நகர்த்துங்கள். முதலில் சற்று இழுக்கும், கரகரவென்று கேட்கும். போகப்போகச் சத்தம் அடங்கி வழுக்கும். அப்போது நிறுத்திவிடுங்கள்.

அடிக்கடி புரட்டிப் பாருங்கள். அழுக்கேறிய முகத்தை உள்ளே மடித்துப் புது முகத்தை வெளியே கொண்டுவாருங்கள். கிளே தரையில் விழுந்துவிட்டால் தூக்கி எறிந்துவிட வேண்டியதுதான். விலை கொடுத்து வாங்கியது என்று மனம் அடித்துக்கொள்ளும். ஆனால் அதில் ஒட்டிய ஒரு மணல், கார் முழுவதும் கோடு போடும். கழுவினால் போகாது, உள்ளேயே புதைந்திருக்கும்.

கிளே தேய்த்த பிறகு பெயின்ட் முன்பைவிட மங்கலாக இருக்கிறது. கெடுத்துவிட்டேனா?

பெரும்பாலும் இல்லை. கிளே மிக மெல்லிய தேய்ப்புத் தடங்களை விடுவது இயல்பு. மென்மையான பெயின்ட்டிலும் கருநிறக் கார்களிலும் அது கண்ணுக்குத் தெரியும். கூடவே பழைய மெழுகையும் அது எடுத்துவிட்டிருக்கும். கிளேவுக்குப் பின்னால் பாலிஷ் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். பாலிஷ் செய்யும் எண்ணமே இல்லாத நாளில், அதுவும் கறுப்புக் காரில், கிளே எடுக்காமல் இருப்பது மேல். மற்றபடி ஆண்டுக்கு ஒருமுறை, அதிகம் போனால் இரண்டு முறை. அதுவும் பிளாஸ்டிக் பைச் சோதனை கேட்டால் மட்டும்.

காம்பவுண்டு, பாலிஷ், மெழுகு எல்லாம் ஒன்றுதானே? கடையில் எல்லாவற்றையும் பாலிஷ் என்கிறார்கள்.

இந்தக் குழப்பத்தால்தான் பலருடைய உழைப்பு வீணாகிறது. காம்பவுண்டும் பாலிஷும் பெயின்ட்டைத் தேய்ப்பவை. காம்பவுண்டு அதிகம் வெட்டும், ஆழமான கீறலை எடுக்கும், ஆனால் லேசான மங்கலை விட்டுச்செல்லும். பாலிஷின் துகள்கள் நுண்மையானவை; காம்பவுண்டு விட்ட மங்கலைத் தெளிவாக்கும். மெழுகு எதையும் தேய்ப்பதில்லை, மேலே படிந்து காக்கிறது.

ஆக, காம்பவுண்டு, பாலிஷ், மெழுகு என்பதுதான் வரிசை. மெழுகு பூசிவிட்டுப் பாலிஷ் செய்தால், பூசிய மெழுகையே தேய்த்து எடுக்கிறீர்கள். தேய்க்கும் துகளும் மெழுகும் ஒரே டப்பாவில் கலந்து வருபவையும் உண்டு. அவசரத்துக்கு அவை மோசமில்லை. ஆனால் அவற்றால் ஆழமான கீறலும் போகாது, பாதுகாப்பும் நீண்ட நாள் நிற்காது.

என் காரில் இருக்கும் கீறல் போகுமா போகாதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கழுவி, கிளே முடித்து, துடைத்த பிறகு பாருங்கள். அதற்கு முன் பார்ப்பதில் பயனில்லை. கீறல் என்று நினைத்தது கறையாகவே இருக்கலாம். விளக்கைச் சாய்வாகப் பிடித்தால் விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வட்ட வட்டமாக நுண்கீறல்கள் தெரியும். இவை கழுவும்போதும் துடைக்கும்போதும் விழுந்தவை, சுழலும் பிரஷ் வைத்த தானியங்கி நிலையங்கள் தரும் பரிசும் இதுதான். பாலிஷுக்குப் போய்விடும்.

தனியாகத் தெரியும் கீறலின் குறுக்கே விரல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டவில்லை என்றால் எடுக்க வாய்ப்பு அதிகம். நகம் மாட்டினால் அது ஆழம். முழுவதும் எடுக்க முயன்றால் கிளியர் கோட்டே தீர்ந்துவிடும். விளிம்பை மட்டும் மழுங்கச் செய்து, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாதபடி ஆக்கிவிட்டு, அதோடு விட்டுவிடுங்கள். உள்ளே வேறு நிறமோ உலோகமோ தெரிந்தால் பாலிஷால் ஆவது ஒன்றுமில்லை.

அப்படியானால் காம்பவுண்டில் தொடங்கவா, பாலிஷில் தொடங்கவா? இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள்.

இரண்டு பேரும் சொல்வது சரி, ஆனால் வெவ்வேறு கட்டத்தைப் பற்றிச் சொல்கிறார்கள். சோதனைக்கு மென்மையிலிருந்து தொடங்க வேண்டும். வேலைக்கு வன்மையிலிருந்து தொடங்க வேண்டும்.

பானட்டிலோ டிக்கியிலோ ஓர் அடிக்கு ஓர் அடி இடத்தை டேப்பால் குறித்துக்கொண்டு, முதலில் நுண்ணிய பாலிஷும் மென்மையான பேடும் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். கீறல் போய்விட்டதா? கார் முழுவதற்கும் அதுவே போதும், காம்பவுண்டைத் திறக்கவே வேண்டாம். போகவில்லையா? அதே பாலிஷுக்குச் சற்றுக் கடினமான பேடு. அதற்கும் போகாவிட்டால்தான் காம்பவுண்டு. பெயின்ட் எவ்வளவு கடினம் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும்; சோதித்துப் பார்க்காமல் எவராலும் சொல்ல முடியாது. காம்பவுண்டு தேவை என்று தெரிந்துவிட்டால், அந்தப் பகுதிக்கு முதலில் காம்பவுண்டு, பிறகு பாலிஷ். பொறுமை இருப்பவர்கள் இந்தச் சோதனைக்கே அதிக நேரம் எடுத்துக்கொள்வார்கள். மீதி வேலை தானாக நடக்கும்.

கையால் செய்ய முடியாதா? மெஷின் பெயின்ட்டை எரித்துவிடும் என்று பயமாக இருக்கிறது.

மெழுகைக் கையால் பூசலாம். சிறு இடத்தில் பாலிஷும் கையால் முடியும். கார் முழுவதும் நுண்கீறல் எடுப்பது கைக்கு அடங்காத வேலை. அழுத்தம் இடத்துக்கு இடம் மாறி, திட்டுத் திட்டாகவே வரும்.

மெஷினில் இரண்டு வகை. ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி வேகமாக வெட்டும். ஒரே இடத்தில் நின்றால் சூடேற்றிவிடும். நீங்கள் கேள்விப்பட்ட எரிந்த பெயின்ட் கதைகள் பெரும்பாலும் அதனுடையவை. சுழன்றுகொண்டே ஊசலாடும் இரட்டை இயக்க மெஷினில் விளிம்பிலோ வளைவிலோ அதிகம் அழுத்தினால் பேடின் சுழற்சி நின்றுவிடும், அதனால் சேதம் குறைவு. முதன்முறை செய்பவர்களுக்கு அதைத்தான் சொல்வேன்.

இரண்டடிக்கு இரண்டடிக்கு மேல் ஒரே சமயத்தில் எடுக்காதீர்கள். பட்டாணி அளவில் நான்கைந்து சொட்டு போதும். குறைந்த வேகத்தில் பரப்பிவிட்டு, வேகத்தைக் கூட்டி, முதலில் கிடைமட்டமாகவும் பிறகு செங்குத்தாகவும், ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் பாதியைத் தொடும்படி மெதுவாக நகர்த்துங்கள். எல்லோரும் செய்யும் தவறு மெஷினை அவசரமாக ஓட்டுவது. ஒரு பகுதி முடிந்ததும் பேடைப் பிரஷால் சுத்தம் செய்யுங்கள். காம்பவுண்டு தொட்ட பேடில் பாலிஷ் ஊற்றாதீர்கள்.

எந்த இடங்களில் டேப் ஒட்ட வேண்டும்?

கதவின் மடிப்புக் கோடு, பானட்டின் ஓரம், பம்பரின் முனை ஆகிய கூரிய விளிம்புகளில். அங்கே பெயின்ட் மெல்லியதாக இருக்கும், மெஷினின் முழு அழுத்தமும் அந்தக் கோட்டிலேயே விழும். கறுப்புப் பிளாஸ்டிக், ரப்பர்ப் பட்டை, பெயர்ச்சின்னம் ஆகியவற்றிலும் ஒட்டுங்கள். பாலிஷ் பட்டுக் காய்ந்தால் அவை வெளுத்துப்போகும், எடுப்பதும் சிரமம். டேப்பை ஒட்டும் நேரம், கழுவித் துடைத்துக் கீறலைப் பார்த்த பிறகு, மெஷினை எடுப்பதற்கு முன்.

கடையில் பாலிஷ் செய்து வாங்கினேன். கண்ணாடி போல இருந்தது. இரண்டு முறை கழுவியதும் பழைய கீறல்கள் எல்லாம் திரும்ப வந்துவிட்டன. ஏன்?

அவை போகவே இல்லை, மறைந்திருந்தன. சில பாலிஷ்களிலும் பளபளப்புக் களிம்புகளிலும் கீறலின் பள்ளத்தை நிரப்பும் எண்ணெய்களும் நிரப்பிகளும் இருக்கும். அவை கழுவக் கழுவக் கரைந்துபோகும்.

இதைக் கண்டுபிடிப்பதற்காகத்தான் பாலிஷுக்குப் பின் எண்ணெய்ப் பசையைத் துடைத்தெடுக்கும் படி இருக்கிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து (ஆல்கஹாலின் பங்கு கால் பாகத்துக்கு மேல் வேண்டாம்) லேசாகத் தெளித்துச் சுத்தமான மைக்ரோஃபைபரால் துடையுங்கள். இதற்கென்றே விற்கும் திரவமும் உண்டு. துடைத்த பிறகு விளக்கு அடித்துப் பாருங்கள். அப்போது தெரிவதுதான் பெயின்ட்டின் உண்மை நிலை. சோதனை இடத்திலும் இதைச் செய்துவிட்டே முடிவெடுங்கள். கடையில் கொடுத்தால், பூச்சுப் பூசுவதற்கு முன் துடைத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது.

மெழுகு, சீலன்ட், செராமிக் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடலாமா?

கார்னோபா மெழுகு பிரேசிலில் வளரும் ஒரு பனையின் இலையிலிருந்து வருவது. பூச எளிது, ஒளி அழகாக இருக்கும், ஆனால் சில வாரங்கள் முதல் ஓரிரு மாதங்கள் வரைதான் நிற்கும். சீலன்ட் செயற்கைப் பாலிமர்; மெழுகைவிடக் கூடுதலாகச் சில மாதங்கள் தாங்கும். செராமிக் கோட்டிங் சிலிக்காவை அடிப்படையாகக் கொண்டது, பெயின்ட்டோடு பிணைந்து இறுகும், நன்றாகப் பராமரித்தால் ஆண்டுக்கணக்கில் இருக்கும்.

சீலன்ட்டும் செராமிக்கும் வெறும் பெயின்ட்டைப் பிடித்துக்கொள்பவை. இடையில் மெழுகோ பாலிஷ் எண்ணெயோ இருந்தால் ஒட்டாது. ஆகவே சீலன்ட்டின் மேல் மெழுகு போடலாம். மெழுகின் மேல் சீலன்ட் போட்டால் வீண். செராமிக்கின் அடியில் எதுவுமே இருக்கக்கூடாது. செராமிக் பூசிய பிறகு, டப்பாவில் சொன்ன காலம் வரை தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் முதல் ஒரு நாளாவது வண்டி கூரைக்குள் இருக்க வேண்டும். இன்னொன்று, கீறலோடு செராமிக் பூசினால் அந்தக் கீறலும் பூச்சுக்கு அடியில் அத்தனை காலமும் இருக்கும்.

பறவை எச்சமும் மரப்பிசினும் இருந்தால் எந்தப் படியில் எடுப்பது?

எச்சத்துக்கு வரிசையே கிடையாது, பார்த்த அன்றே எடுங்கள். அதிலுள்ள அமிலம் வெயிலோடு சேர்ந்து கிளியர் கோட்டை அரித்துவிடும். காய்ந்திருந்தால் சுரண்டாதீர்கள்; ஈரத்துணியை அதன்மேல் சில நிமிடம் போட்டு ஊறவைத்து, தூக்கி எடுங்கள். பிசினை ஷாம்புவுக்குப் பிறகு, தார் நீக்கும் கட்டத்தில் எடுக்கலாம். மேலே சொன்ன ஆல்கஹால் கரைசலைத் துணியில் நனைத்து வைத்தால் இளகும்.

வெள்ளைத் தண்ணீர்த் திட்டுகள் கிளேவுக்கும் போகவில்லை. நேராகக் காம்பவுண்டா?

அதற்கு முன் அமிலத்தை முயலுங்கள். தாதுத் திட்டு அமிலத்தில் கரையும். வெள்ளை வினிகரைச் சம அளவு தண்ணீரில் கலந்து, நனைத்த துணியை ஓரிரு நிமிடம் வைத்து, எடுத்து, நன்றாக அலசுங்கள். தேய்க்காமலேயே பல திட்டுகள் போய்விடும். திட்டு போயும் அதன் வட்டத்தடம் பள்ளமாகத் தெரிந்தால், அது அரிப்பு. அது பாலிஷ் கட்டத்துக்கான வேலை, நகச் சோதனையில் சொன்ன அதே எச்சரிக்கையோடு.

கல் பட்டுப் பெயின்ட் பெயர்ந்த புள்ளிக்கு டச்-அப் பெயின்ட் எப்போது வைப்பது?

கிளே முடிந்து கழுவி உலர்ந்த பிறகு, பாலிஷுக்கு முன். மெழுகு பூசிவிட்டால் டச்-அப் ஒட்டாது. புள்ளியை ஆல்கஹாலால் துடைத்து, மெல்லிய தூரிகை நுனியால் சிறிது சிறிதாக, ஒவ்வொரு படலமும் காய்ந்த பிறகே அடுத்ததை வையுங்கள். முழுவதும் இறுகும் வரை அந்த இடத்தில் மெஷின் வைக்காதீர்கள்.

புதுக் கார் வாங்கியிருக்கிறேன். சில மாதம் மெழுகு போடக்கூடாது என்கிறார்களே?

அந்த விதி பட்டறையில் மறுபடி பெயின்ட் அடித்த பாகத்துக்கானது. அங்கே பெயின்ட்டிலிருந்து கரைப்பான்கள் ஆவியாக வெளியேற நாளாகும். அதற்குள் மூடினால் பெயின்ட் சரியாக இறுகாது. பெரும்பாலும் 30 முதல் 90 நாட்கள் காத்திருக்கச் சொல்வார்கள், அடித்தவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் பெயின்ட்டை அடுப்பில் சுட்டு இறுக்கிவிடுகிறார்கள். புதுக் காருக்கு முதல் நாளே மெழுகு பூசலாம். ஆனால் புதியது என்பதால் சுத்தமானது என்று நம்பிவிடாதீர்கள். ரயிலிலும் லாரியிலும் வந்து, வெட்டவெளியில் நின்றிருக்கும்; இரும்புத் துகள் பதிந்திருக்க வாய்ப்புண்டு. பிளாஸ்டிக் பைச் சோதனை இங்கேயும் பொருந்தும்.

பாலிஷ் செய்யும்போது பேடில் கார் நிறமே ஒட்டிக்கொண்டு வருகிறது. நிறுத்திவிடவா?

முதலில் நிறுத்துங்கள், பிறகு யோசியுங்கள். மிகப் பழைய கார்களிலும், இன்றைய சில கார்களின் சில நிறங்களிலும் கிளியர் கோட்டே இருக்காது, நிறப்பூச்சே மேல்அடுக்கு. அவற்றில் நிறம் ஒட்டுவது இயல்பு, கவனமாகத் தொடரலாம். காருக்குக் கிளியர் கோட் உண்டு என்று தெரிந்தும் நிறம் வந்தால், கிளியர் கோட் தீர்ந்து நிறப்பூச்சைத் தொட்டுவிட்டீர்கள். அந்தப் பாகத்துக்கு இனி மறுபெயின்ட்தான் வழி. வெள்ளையாகச் செதில் செதிலாக உரியும் இடங்களுக்கும் இதே பதில்.

பளபளப்பில்லாத மேட் பெயின்ட்டுக்கும் இதே வரிசைதானா?

கழுவித் துடைப்பது வரை மட்டும் இதே வரிசை. கிளே, காம்பவுண்டு, பாலிஷ், சாதாரண மெழுகு எதுவும் வேண்டாம். அந்த மங்கலே அதன் அமைப்பு. தேய்த்தால் அங்கங்கே பளபளத்துத் திட்டாகும், திரும்பக் கொண்டுவர முடியாது. மேட் பூச்சுக்கென்றே தயாரித்த ஷாம்புவும் சீலன்ட்டும் கிடைக்கின்றன.

ஒரு நாளில் முடியாது. பாதியில் எங்கே நிறுத்தினால் கெடுதல் இல்லை?

கழுவி, ரசாயனம், கிளே வரை முடித்து, துடைத்து நிறுத்தலாம். ஆனால் கிளேவுக்குப் பின் பெயின்ட் பாதுகாப்பின்றி நிற்கிறது. வண்டியைக் கூரைக்குள் விடுங்கள். மறுநாள் தொடங்கும்போது மெல்லிய தூசி படிந்திருந்தாலும், துணியால் தட்டிவிட்டு மெஷினை எடுக்காதீர்கள். ஷாம்புக் கழுவலை இன்னொரு முறை செய்துவிட்டே தொடருங்கள். இரண்டாவது நல்ல இடம் பாலிஷுக்குப் பிறகு. அப்போது நிறுத்தினால் எண்ணெயைத் துடைத்தெடுக்கும் வேலையைப் பூச்சுப் பூசும் நாளுக்கு ஒத்திவையுங்கள்.

பாகம் பாகமாகப் பிரித்துச் செய்வதும் நல்ல வழிதான். இன்று பானட், அடுத்த வாரம் கூரை என்று, ஒவ்வொரு பாகத்தையும் மெழுகு வரை கொண்டுவந்து முடித்துவிடுங்கள். அடுத்த பாகத்தைப் பாலிஷ் செய்யும்போது, முடித்த பாகத்தின் ஓரத்தை டேப்பால் மூடிவிடுங்கள். பேடு அங்கே பட்டால் புதிதாகப் பூசிய மெழுகு போய்விடும்.